பூஜையில் இருக்கும் புத்தகங்கள்

அரூர் சாலையில் இருக்கும் ராஜாமணி கலை அறிவியல் கல்லூரியின் நூலகத்தை யாராவது குறை சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். தருமபுரி மாவட்டத்திலேயே அவ்வளவு சுத்தமான நூலகம் வேறு கிடையாது. எந்தப் புத்தகத்திலும் மடித்த மூலை இல்லை, பேனாக் கிறுக்கல் இல்லை, விரல் பட்ட அழுக்கு இல்லை. ஒன்றே ஒன்றைத் தவிர யாரும் எதையும் திறந்ததே இல்லை என்பதுதான் காரணம். அதெப்படி என்று கேட்பீர்கள், சொல்கிறேன். நடுவில் நான் பல்லைக் கடித்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

கல்லூரிக்குத் தரச்சான்று வாங்க வேண்டியிருந்தது. ஆய்வுக் குழு வந்தால் முதலில் நூலகத்துக்குத்தான் போகும். அங்கே அப்போது இருந்தவை தாளாளர் ராஜாமணியின் பையன் பள்ளிக்கூடத்தில் கிழித்துப்போட்ட கைடுகளும், தாளாளரின் அறுபதாம் கல்யாண மலர் மூன்று பீரோவும்தான். அந்தச் சமயம் பார்த்து பெங்களூரில் இருக்கும் ஒரு பெரிய புத்தகக் கம்பெனியின் விற்பனை மேலாளர் ரஞ்சித்குமார் டை கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

"சார், நீங்க புக்கு தேடி அலையவே வேணாங்க. ஒரு பாரம் ஃபில்லப் பண்ணுங்க, போதும். உங்க காலேஜுக்கு எது வேணும்னு எங்க கம்ப்யூட்டரே முடிவு பண்ணி அனுப்பிடும். புடிச்சா வெச்சுக்கங்க. புடிக்கலையா, ரெண்டு மாசத்துல திருப்பி அனுப்பிடுங்க. மேல சுத்தியிருக்கற பிளாஸ்டிக் உறைய பிரிச்சாத்தான் நீங்க வாங்குனதா அர்த்தம். பிரிக்காத வரைக்கும் ஒரு பைசா தர வேணாம்."

முதல்வர் முனைவர் மாதவராஜுக்குக் கடைசி வாக்கியம் மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. உடனே கையெழுத்துப் போட்டார். பாரத்தை நிரப்பிய அலுவலக உதவியாளர், 'அருகிலுள்ள முக்கிய இடங்கள்' என்ற கட்டத்தில் தொப்பூர் கணவாய், ஒகேனக்கல் என்று பெருமையாக எழுதினார். கம்ப்யூட்டர் யோசித்தது. லாரிகள் அடிக்கடி கவிழும் தொப்பூருக்காக லாரி பிரேக் பராமரிப்பும் விபத்து இழப்பீட்டுச் சட்டமும் அனுப்பியது. ஒகேனக்கல்லுக்காகத் துறைமுக நிர்வாகம், ஆழ்கடல் கப்பல் காப்பீடு, கலங்கரை விளக்கக் கட்டுமானம் என்று பெட்டி பெட்டியாக ஏற்றிவிட்டது. கடலைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகள் பாதிப் பேர் படிக்கும் கல்லூரி அது. நல்லவேளையாக, தவறுதலாக உருப்படியான புத்தகங்களும் சில அந்தப் பெட்டிகளில் வந்து சேர்ந்தன.

வண்டி வந்து நின்ற நாள் சரஸ்வதி பூஜை. தாளாளர் நெகிழ்ந்துவிட்டார். அம்மனே புத்தகமாக வந்திருக்கிறாள் என்று சொல்லி, எல்லாவற்றையும் அலமாரியில் அடுக்கச் செய்து, ஒவ்வொரு உறைக்கும் சந்தனப் பொட்டு வைத்து, பொரியும் கடலையும் படைத்துத் தானே சூடம் காட்டினார். பூஜையில் வைத்த புத்தகத்தை அன்றைக்குப் படிக்கக் கூடாது என்பது உங்களுக்கே தெரியும். மறுநாள் விஜயதசமிக்கு மறுபூஜை போட்டு, பெரியவர் ஒருவர் ஒன்றை எடுத்து நாலு வரி படித்த பிறகுதான் மற்றவை பூஜையிலிருந்து இறங்கும். அந்த நாலு வரியைத் தாளாளர் படிப்பதாக ஏற்பாடு. ஆனால் மறுநாள் காலையில் ஓசூரில் ஒரு மனை பார்க்க அவர் போய்விட்டார். அவர் இல்லாமல் யார் படிப்பது? நல்ல நாள் பார்த்துச் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

இரண்டு மாதம் ஓடிவிட்டது. புத்தகங்களை வாங்குகிறீர்களா, திருப்பி அனுப்புகிறீர்களா என்று கம்பெனி கேட்டது. வாங்கினால் பணம் கொடுக்க வேண்டும். திருப்பினால் ஆய்வுக் குழுவுக்குக் காட்ட அறுபதாம் கல்யாண மலர்தான் மிச்சம். மாதவராஜ் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் யோசித்தார். பிறகு ரஞ்சித்குமாருக்குப் போன் போட்டார்.

"தம்பி, புக்கெல்லாம் இன்னும் பூஜையில இருக்குது. பூஜையில இருக்கறத நாங்க எப்பிடி வாங்க முடியும்? எப்பிடித் திருப்ப முடியும்? தெய்வக் குத்தமாயிடாதா?"

வேறு யாராக இருந்தாலும் போனை வைத்திருப்பார்கள். ரஞ்சித்குமார் மறுநாளே பூங்கொத்தோடு வந்து நின்றார்.

"சார், உங்க காலைத் தொட்டுக் கும்பிடணும். நாங்க என்னமோ புக்கு விக்கிறோம்னு நெனைக்காதீங்க. விக்காத புக்கை எங்க வெக்கிறதுங்கறதுதான் எங்க தொழில்ல பெரிய தலைவலி. பெங்களூர்ல குடோன் வாடகை என்னா விலைன்னு தெரியுங்களா? இங்க வாடகையும் இல்ல, வாட்ச்மேனும் இல்ல, சரஸ்வதியே காவல். இத்தனை காலேஜ்ல எங்க புக்கு இருக்குதுன்னு மேலிடத்துல கணக்குக் காட்டிக்குவோம். நீங்க பூஜையிலயே வெச்சிருங்க சார், தயவு செஞ்சு எறக்கிடாதீங்க."

ஒப்பந்தத்தில் புதிதாக ஒரு பிரிவு சேர்த்தார்கள். 'வழிபாட்டில் உள்ள நூல்கள்' என்று அதற்குப் பெயர். அந்த நூல்களுக்குக் காலக்கெடு கிடையாது, விலை கிடையாது, உறை பிரிக்கவும் கூடாது. மாதவராஜும் ரஞ்சித்குமாரும் கையெழுத்திட்டு, ஒருவர் நெற்றியில் ஒருவர் குங்குமம் இட்டுக்கொண்டார்கள்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் சுமித்ரா வந்து மாட்டினாள். சித்தேரி மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கி நுண்ணுயிரியல் படிக்கிற பெண். மலையில் அப்பா சாமை விதைக்கிறார், பருவத்தில் கடுக்காய் பொறுக்குகிறார். சுமித்ராவுக்கு ஒரே ஒரு அரியர். பாடம், பால் நுண்ணுயிரியல். அந்தப் பாடத்தை நடத்திய ஆசிரியர் சம்பளம் போதாமல் பாதியிலேயே வேலையை விட்டு ஓடிவிட்டார். போகும்போது, மீதியை லைப்ரரியில பாத்துக்கம்மா என்று ஆசீர்வாதம் பண்ணிவிட்டுப் போனார். அதே சமயம் காரிமங்கலம் பக்கம் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில், ஆய்வக உதவியாளர் வேலைக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அந்த ஒரு பேப்பரைப் பாஸ் பண்ணிக் காட்டினால் வேலை, காட்டாவிட்டால் அடுத்தவருக்கு. அவ்வளவுதான் கதை. அவள் வேறு எதுவும் கேட்கவில்லை.

பாடத்திட்டம் புதுசு, அதற்கு ஒரே புத்தகம். தருமபுரிக் கடைகளில் கிடைக்கவில்லை. வரவழைக்கச் சொன்னால் அவர்கள் சொன்ன விலைக்கு மலையில் ஒரு வெள்ளாட்டை விற்க வேண்டும். வாட்ஸப்பில் யாரோ அனுப்பிய பிடிஎஃப் பழைய பதிப்பு, அதிலும் வேண்டிய பகுதியில் எல்லாப் பக்கத்தின் மேலும் ஒரு கட்டைவிரல் படுத்திருந்தது. சோர்ந்துபோய் நூலகத்துக்குள் நுழைந்தவள், கலங்கரை விளக்கத்துக்கும் கப்பல் காப்பீட்டுக்கும் நடுவில் அந்தப் புத்தகத்தைக் கண்டாள். உறைக்குள் பளபளவென்று உட்கார்ந்திருந்தது, நெற்றியில் சந்தனம்.

"மேடம், அந்தப் புக்கு வேணுங்க மேடம்!"

நூலகர் லூர்துமேரி வாயில் விரலை வைத்தார். "செருப்பக் கழட்டிட்டு வாம்மா மொதல்ல."

லூர்துமேரி நல்ல மனுஷி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயம் போகிறவர். பூஜை நீடிக்கும் என்று முடிவானதிலிருந்து தினமும் காலையில் புத்தகங்களுக்கு ஊதுபத்தி காட்டுவதும் அவர் வேலையானது. சம்பளம் மட்டும் பழையதுதான்.

"அது பூஜையில இருக்குதும்மா. தொடக் கூடாது. பதினொண்ணுல இருந்து பன்னெண்டு வரைக்கும் தரிசனம், அப்ப வந்து பாத்துக்க."

"பாத்து என்னாங்க மேடம் பண்றது? படிக்கணுங்க. ஏப்ரல்ல பரீட்சைங்க."

"எனக்கு மட்டும் ஆசையாம்மா? முதல்வரப் போயிப் பாரு."

முதல்வர் பார்த்தார். அன்பாகவே பார்த்தார். உட்காரச் சொல்லித் தண்ணீர்கூடக் கொடுத்தார்.

"படிக்கணும் படிக்கணும்னு எல்லாரும் வர்றீங்க. படிச்சா புக்கு என்னாகும்னு ஒருத்தராவது யோசிச்சீங்களா? கிழியும். அப்பறம் அத எழுதித் தள்ளணும், ஆடிட்ல கேப்பாங்க. நான் முப்பது வருஷமா கல்வித்துறையில இருக்கறேம்மா. பி.எச்டி வாங்கின பிறகு நான் ஒரு புக்கத் தொட்டதில்ல. எனக்கு என்னா கொறஞ்சு போச்சு? முதல்வர் ஆவலியா?"

"சார், ஒரே ஒரு புக்குங்க சார். மறுபூஜை போட்டுட்டா எடுத்துக்கலாம்ல?"

"அது தாளாளர் கையில இருக்குது. அவர் நாலு வரி படிக்கணும். அவர் படிக்கிற மாதிரி ஒரு நாள் அமையணுமில்ல?"

அப்படி ஒரு நாள் அமையவில்லை. ஆனால் மாணவர்கள் வந்து வந்து கேட்டதில் நிர்வாகத்துக்கு இரக்கம் பிறந்தது. தரிசன வரிசைக்குக் கயிறு கட்டினார்கள். அரியர் வைத்திருப்பவர்களுக்குத் தனி வரிசை. அதற்கடுத்த வாரம் அர்ச்சனை வந்தது. பெயர், நட்சத்திரம், பதிவு எண், அரியர் பாடம் நான்கையும் சீட்டில் எழுதிக் கொடுத்தால், லூர்துமேரி அந்தப் பாடத்துக்குரிய புத்தகத்தின் முன்னால் நின்று உரக்க வாசித்து ஒரு பூ போடுவார். திருநீறு பொட்டலம் தருவார்கள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டுதான் போனார்கள். பரீட்சை நெருங்க நெருங்கச் சிரிப்பு போய்விட்டது, வரிசை மட்டும் நீண்டுகொண்டே போனது.

சுமித்ராவும் நின்றாள். கேட்டை நட்சத்திரம், பால் நுண்ணுயிரியல் என்று அவள் பெயருக்கு அர்ச்சனை நடந்தது. கண்ணை மூடிக்கொள் என்றார்கள். அவள் மூடவில்லை. உறை வழியாக அட்டையில் அச்சாகியிருந்த ஏழெட்டு வரிகளைத் தினமும் எட்டி எட்டிப் படித்தாள். இந்தப் புத்தகம் மாணவர்கள் எளிதில் பயன்படுத்தும் வகையில் எழுதப்பட்டது என்று அதில் போட்டிருந்தது. வயிற்றெரிச்சல்!

பரீட்சை ஒரு திங்கட்கிழமை. ஆய்வுக் குழு அதற்கு முந்தைய புதன்கிழமை வந்தது. வெளியூர்ப் பேராசிரியர்கள் மூன்று பேர். அதற்கு முதல் நாள் நூலகத்தில் ஒத்திகை நடந்தது. சந்தனப் பொட்டுகளைத் துடைத்துவிட்டு, நல்ல சட்டை வைத்திருக்கும் மாணவர்களாகப் பொறுக்கி உட்காரவைத்தார்கள். ஆளுக்கொரு புத்தகம், உறையோடு. நாற்காலிகளுக்கு நடுவில் நின்று மாதவராஜ் பாடம் எடுத்தார்.

"அட்டையப் பாத்துக்கிட்டு தலைய இடமிருந்து வலமா மெதுவா ஆட்டணும். நடுவுல ஒரு தடவ நெத்தியச் சுருக்கிட்டு யோசிக்கணும். எவனாவது உறையில கை வெச்சீங்க, டிசி குடுத்துடுவேன்."

சுமித்ரா தானாகவே முன்வந்து பெயர் கொடுத்தாள். லூர்துமேரியிடம் காதோடு காதாக, எனக்கு அந்தப் புக்கயே குடுங்க மேடம் என்றாள். லூர்துமேரி அவள் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் குழு உள்ளே வந்தது. தலைவர் வழுக்கைத் தலையைத் துடைத்துக்கொண்டு, நூலகத்துக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டார்.

"கயிறு கட்டி வரிசையில விடறோம் சார். அவ்ளோ கூட்டம்," என்றார் மாதவராஜ். அது உண்மைதான்.

தலைகள் இடமிருந்து வலமாக ஆடிக்கொண்டிருந்தன. அப்போது சர்ரென்று ஒரு சத்தம். சுமித்ரா உறையின் ஓரத்தைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டாள். அவள் யாரையும் பார்க்கவில்லை. புத்தகத்தைத் திறந்தாள், முதல் அத்தியாயத்தை எடுத்தாள், படிக்க ஆரம்பித்தாள். பல மாதம் பசியோடு கிடந்தவள் சோற்றில் கை வைத்த மாதிரி படித்தாள். பக்கம் திரும்பியது, இன்னொரு பக்கம் திரும்பியது. பக்கத்தில் மூன்று பேராசிரியர்கள் வந்து நின்றதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"பாருங்க, பாருங்க!" என்று தலைவர் சிலிர்த்துப் போனார். "எத்தனையோ காலேஜ் பாத்துட்டேன். நாங்க வந்தா எழுந்து நின்னு வணக்கம் சொல்லுவாங்க. இந்தப் பொண்ணு தலைய நிமித்தவே இல்ல. இதுதான் சார் லைப்ரரி!" போனை எடுத்து நாலு கோணத்தில் படம் பிடித்தார். பிறகு, குழந்தை கையிலிருந்து பொம்மையை வாங்குவதுபோல அவள் கையிலிருந்து புத்தகத்தை மெல்ல வாங்கி மாதவராஜிடம் கொடுத்தார். "இந்தப் புக்கு சாதாரண புக்கு இல்ல. உங்க கல்லூரியோட வாசிப்புக் கலாசாரத்துக்கு அடையாளம். பத்திரமா வெச்சுக் காப்பாத்துங்க."

போச்சு. அன்று மாலையே நூலக வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி வந்துவிட்டது. உள்ளே பட்டுத்துணி விரித்து, அவள் படித்துக்கொண்டிருந்த பக்கத்திலேயே புத்தகத்தைத் திறந்துவைத்துப் பூட்டினார்கள். மேலே, 'வாசிக்கப்பட்ட நூல்' என்று பித்தளையில் எழுதினார்கள். சாவி தாளாளரிடம் போனது.

சுமித்ரா முதல்வர் அறைக்கு ஓடினாள். "சார், திங்கக்கெழம பரீட்சைங்க சார். ரெண்டே நாளு குடுங்க, விடுதியிலயே ஒக்காந்து படிச்சுட்டுக் குடுத்தர்றேங்க. உறைதான் பிரிஞ்சு போச்சே!"

மாதவராஜ் அவள்மேல் கோபமாகவே இல்லை. அதுதான் கொடுமை. அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"உன்னால காலேஜுக்கே பேரும்மா. அதுக்காக, அந்தப் புக்க எடுத்து உன் கையில குடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. யாரு சொன்னா உன்னால படிக்க முடியாதுன்னு? கண்ணாடி வழியா தெரியுதுல்ல? ரெண்டு பக்கம் தொறந்தே இருக்குது. நல்லா நின்னு நிதானமா படி."

"மத்த பக்கங்க சார்?"

"தெனம் ஒரு பக்கம் திருப்பி வெக்கலாம்னு நானே தாளாளருக்கு எழுதியிருக்கேன். உத்தரவு வரட்டும்."

உத்தரவு வரவில்லை. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் அவள் கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றாள். பன்னிரண்டாம் பக்கமும் பதின்மூன்றாம் பக்கமும் அவளுக்குத் தலைகீழாக மனப்பாடம். லூர்துமேரி வந்து பக்கத்தில் நின்றார். "பாவி பசங்க," என்றார். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை கேள்வித்தாள் புத்தகத்தின் பின்பாதியிலிருந்து வந்திருந்தது. சுமித்ரா தனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதினாள். அவளுக்குத் தெரிந்தது முன்பாதியிலும் முன்பாதி.

தரச்சான்று வந்துவிட்டது. கல்லூரிக்கு உயர்ந்த தரம். நூலகத்தைப் பற்றி மட்டும் அறிக்கையில் தனியாக ஒரு பத்தி. ஒரு உறை பிரிந்ததற்காக ரஞ்சித்குமாரும் கோபித்துக்கொள்ளவில்லை, அந்தப் படத்தை விளம்பரத்துக்குத் தந்தால் போதும் என்றார். அரூர், காரிமங்கலம், தருமபுரி மூன்று ஊர்ப் பேருந்து நிலையத்திலும் ஆளுயர பேனர் நிமிர்ந்தது. புத்தகத்துக்குள் முகம் புதைத்த சுமித்ரா, அவள் தலைக்குமேல் கைகூப்பிய தாளாளர், ஓரத்தில் கம்பெனியின் முத்திரை. 'எங்கள் மாணவி எந்நேரமும் புத்தகத்தோடு' என்று எழுதியிருந்தார்கள்.

பரீட்சை முடிவு அதற்கடுத்த வாரம் வந்தது. பெயில்.

இருந்தாலும் அவள் காரிமங்கலம் போனாள். அடுத்த பரீட்சை வரை வேலையை வைத்திருக்க முடியுமா என்று நேரிலேயே கேட்டுப்பார்க்கலாம் என்று ஒரு நப்பாசை. பால் நிலையத்தின் தர மேலாளர் அமுதவல்லி அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். நேர்முகத் தேர்வின்போது அவளைப் பிடித்துப்போய்ப் பெயரைப் பரிந்துரைத்தவரே அவர்தான். மதிப்பெண் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ஏம்மா, பஸ் ஸ்டாண்டுல தெனம் உன்னத்தான் பாத்துட்டு வர்றேன். அதே புக்கத்தான் கையில வெச்சிருக்க, பேரு கூடத் தெரியுது. இம்மாம் வசதி பண்ணிக் குடுத்திருக்காங்க. எந்நேரமும் புத்தகத்தோட இருந்துட்டு அந்தப் பாடத்துலயே பெயிலாயி வந்து நிக்கறயே?"

சுமித்ரா நடந்ததைச் சொன்னாள். புத்தகத்தைச் சரஸ்வதி பூஜையில் வைத்தது, தாளாளர் ஓசூர் போனது, உறையைப் பிரிக்கக் கூடாது என்றது, செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றது, தன் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை நடந்தது, பல்லால் கிழித்தது, கண்ணாடிப் பெட்டியில் பூட்டியது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

அமுதவல்லி பொறுமையாகக் கேட்டார். மதிப்பெண் தாளை மடித்து அவள் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"கஷ்டப்பட்ட வூட்டுப் பொண்ணுன்னுதான் இவ்ளோ நேரம் ஒக்காந்து கேட்டேன். பொய் சொல்றதுன்னாலும் நம்புற மாதிரி சொல்லணும் சாமி. போயிட்டு வா."